மொரிஸ் மைனர்: செல்ப் சுத்துது, பிளக்கில கறண்ட் இல்லை (பழைய வாகன இக்னிஷன் வயரிங்)

ஒட்டுசுட்டான்_பேரன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பப்பாவின்ர மொரிஸ் மைனர் 1000 ஒண்டு கனகாலமா மாமரத்துக்குக் கீழ கிடந்தது. எஞ்சின் இறுகேல்லை, ஹாண்டில் போட்டால் சுத்துது. பற்றரி புதுசு, செல்பும் (எஞ்சினைச் சுத்திவிடுற மோட்டர்) நல்லாச் சுத்துது. ஆனால் பிளக்கில கறண்ட் இல்லை. பிளக்குக்குப் பெரிய வோல்ட் குடுக்கிற கொயிலும் புதுசு போட்டாச்சு. ஒரு கராஜில முழு வயரிங்கும் இழுக்கவேணும் எண்டு பெரிய தொகை ஒண்டு சொல்லிச்சினம். இன்னொரு இடத்தில, உதை இரும்புக்குக் குடுத்திட்டு வேற வாகனம் பாருங்கோ எண்டிச்சினம்.

ஒரு விசயம். இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில ஆரோ வயரை எல்லாம் மாத்தியிருக்கினம். கீ சுவிச் இருந்த ஓட்டையில வீட்டு லைற் சுவிச் ஒண்டு பூட்டிக் கிடக்கு. போனட்டுக்குள்ள பாதி வயர் சிவப்பு, அதுவும் வீட்டு வயர். எது எங்க போகவேணும் எண்டு ஆராவது சொல்லுங்கோ.

ஏ9_றைடர்

எலக்ரோனிக் இக்னிஷன் கிற் ஒண்டைப் போடுங்கோ. பொயின்ற், கொண்டென்சர் தலையிடியே இல்லை.

பழைய_வயர்மன் (வவுனியா)

கிற்றைப் போடலாம், பிழையில்லை. ஆனால் அந்தக் கிற்றுக்குக் கறண்ட் எங்கால வருது எண்டு தெரியாமல் போட்டால், இப்ப நிக்கிற கார் கிற்றோட நிக்கும்.

தம்பி பேரன், முழு வயரிங்கைப் பிறகு பாப்பம். எஞ்சின் பிடிக்கிறதுக்கு நாலைஞ்சு துண்டு வயர்தான் வேணும். பற்றரியின்ர தடிச்ச வயர் செல்ப் சுவிச்சுக்கு வரும். அங்கயிருந்து பிறவுண் வயர் கட்டவுட் பெட்டியின்ர (டைனமோ சாஜை ஒழுங்குபடுத்துற பெட்டி) ஏ முனைக்குப் போகும். பக்கத்தில ஏ1 முனை. அதிலயிருந்து பிறவுணில நீலக்கோடு போட்ட வயர் கீ சுவிச்சுக்கு. கீயைத் திறந்தால் வெள்ளை வயரில கறண்ட் வரும், அந்த வெள்ளைதான் கொயிலின்ர எஸ்.டபிள்யூ முனைக்குப் போறது. கொயிலின்ர மற்ற முனை சி.பி. அங்கயிருந்து வெள்ளையில கறுப்புக்கோடு போட்ட வயர், பிளக்குகளுக்குக் கறண்ட்டைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டரின்ர பக்கத்தில இருக்கிற முனைக்கு. உள்ளுக்கு பொயின்ற், திறந்து மூடுற சின்னச் சுவிச். பொயின்ற் மூடினால் கறண்ட் பொடிக்கு, அதாவது காரின்ர இரும்பு உடம்புக்கு, போய்ச் சேரும், திறந்தால் அறும். முதலாவது சுற்று இவ்வளவுதான்.

இரண்டாவது சுற்று கொயிலின்ர நடு முனையில தொடங்குது. அந்தத் தடிச்ச வயர் டிஸ்ரிபியூட்டர் மூடியின்ர நடுவுக்கு, அங்கயிருந்து உள்ளுக்குச் சுத்துற றோட்டர், றோட்டரிலயிருந்து நாலு பிளக் வயர். முதல் சுற்றில 12 வோல்ட், மூண்டு நாலு அம்பியர். இரண்டாவதில பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல. கொயிலுக்குள்ள தடிச்ச கம்பியில சில நூறு சுற்றும், தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பியில ஆயிரக்கணக்கான சுற்றும் இருக்கு. பொயின்ற் மூடியிருக்கேக்க தடிச்ச சுற்றில கறண்ட் ஓடிக் காந்தம் ஏறும். பொயின்ற் திறக்கிற அந்தக் கணத்தில காந்தம் விழும், அப்பதான் மெல்லிய சுற்றில பெரிய வோல்ட் பிறக்கும். மூடேக்க பொறி வாறேல்லை, திறக்கேக்கதான் வரும். இதைப் பிடிச்சிட்டால் மிச்சம் எல்லாம் தானா விளங்கும். கொண்டென்சர் என்னத்துக்கு எண்டால், பொயின்ற் திறக்கேக்க கறண்ட் அந்த இடைவெளியைப் பாயப் பார்க்கும். பாஞ்சால் காந்தம் ஆறுதலாத்தான் விழும், பொறி சோம்பிப்போகும், பொயின்ற்றும் எரிஞ்சு குழி விழும். அதைப் பாயவிடாமல் வாங்கிக்கொள்ளுறது கொண்டென்சர்.

லூக்காஸ் (இந்தக் காரின்ர மின்சாமான் செய்த கொம்பனி) நிறங்கள்: பிறவுண் எப்பவும் கறண்ட் உள்ளது. வெள்ளை கீ திறந்தால் மட்டும். பச்சை, வெள்ளை பியூஸைத் தாண்டினதுக்குப் பிறகு. கறுப்பு எர்த், பொடிக்குப் போறது. சிவப்பு சைட் லைற், நீலம் ஹெட் லைற். மைனரில வெள்ளைக்குப் பியூஸ் கிடையாது எண்டதை மறக்காதையுங்கோ. அந்த வீட்டு வயர் எங்கயாவது உரஞ்சிப் பொடியில பட்டால் வயர் முழுக்க எரிஞ்சுதான் ஓயும். சோதிச்சு முடியிற ஒவ்வொரு தரமும் பற்றரி வயரைக் கழட்டி வையுங்கோ.

ஒட்டுசுட்டான்_பேரன்

நன்றி ஐயா. ஆனால் என்ர காரில நிறமே இல்லை. எல்லாம் சிவப்பு.

பழைய_வயர்மன் (வவுனியா)

நிறம் இல்லாட்டி முனையைப் பிடியுங்கோ. வயரை மாத்தினாலும் முனை மாறாது.

முதல் காதைக் குடுங்கோ. மைனருக்கு எஸ்.யூ மின்சார பெற்றோல் பம்ப். தீச்சுவரில (எஞ்சினையும் ஆக்கள் இருக்கிற பக்கத்தையும் பிரிக்கிற தகடு), எஞ்சின் பக்கம் இருக்கும். அதுக்கும் அதே வெள்ளையிலதான் கறண்ட். அந்த லைற் சுவிச்சைப் போட்ட உடன டிக் டிக் எண்டு கேட்டால் சுவிச் வரைக்கும் சரி. டாஷில சிவப்பு டைனமோ லைற் எரிஞ்சாலும் அதே அர்த்தம்.

பிறகு 12 வோல்ட் பல்ப் ஒண்டில இரண்டு வயர் பிடிச்சு ரெஸ்ட் லைற் செய்யுங்கோ. மல்ரி மீற்றரை விட இதுதான் எனக்கு விருப்பம். மீற்றர் மயிரிழையில தொங்குற வயரிலயும் 12 காட்டும், பல்ப் காட்டாது. ஒரு வயரை எஞ்சின் இரும்பில நல்லாக் கவ்வவிடுங்கோ. மூடியின்ர நடு வயரைக் கழட்டி எஞ்சினில முட்டவையுங்கோ, இல்லாட்டி ஹாண்டில் போடேக்க எஞ்சின் பிடிச்சாலும் பிடிச்சிடும். ஹாண்டிலைப் பிடிக்கேக்க பெருவிரல் மற்ற நாலு விரலோட ஒரே பக்கம் இருக்கவேணும். திருப்பி அடிச்சால் பெருவிரல் முறியும்.

இப்ப எஸ்.டபிள்யூ முனையில தொட்டால் எரியவேணும். சி.பி முனையில தொட்டபடி ஆரையும் கொண்டு ஹாண்டிலைச் சுத்துங்கோ. பொயின்ற் மூட அணையும், திறக்க எரியும். அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சால் முதல் சுற்று சுகம். ஒரேயடியா எரிஞ்சுகொண்டு நிண்டால் பொயின்ற் எர்த் எடுக்கேல்லை. ஒரேயடியா அணைஞ்சு நிண்டால் எங்கயோ பொடியில முட்டுது, இல்லாட்டி கொண்டென்சர் சோட், அதுவும் இல்லாட்டி கொயிலுக்குள்ள அறுந்திருக்கு. எது எண்டு பிரிக்க, கொயிலின்ர சி.பி வயரைக் கழட்டிப்போட்டு முனையை மட்டும் தொடுங்கோ. எரிஞ்சால் கொயில் சரி, பிழை டிஸ்ரிபியூட்டர் பக்கம்.

பரந்தன்_லொறி

அந்த வீட்டு லைற் சுவிச்சைப் பார்த்துச் சிரிக்காதையுங்கோ பொடியள். 90களில பொருளாதாரத் தடைக்குள்ள கீ சுவிச்சுக்கு எங்க போறது? பெற்றோலே இல்லை. சேலைன் போத்தலில கொஞ்சப் பெற்றோலை விட்டு, குழாயைக் காபரேட்டருக்குக் குடுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினது. கார், மோட்டச் சைக்கிள், வாட்டர் பம்ப், எல்லாம் அப்பிடித்தான். மண்ணெண்ணெயில ஓடுற வெள்ளைக்காரன்ர பழைய பெர்குசன் ட்ரக்டருக்குக் கூட முதல் பெற்றோல் தாங்கி ஒண்டு தனிய இருந்தது, எங்கட ஆக்கள் அதைச் சேலைன் போத்தலில செய்திச்சினம்.

பேரன் கவனிக்கவேண்டியது வேற. மண்ணெண்ணெயில எஞ்சின் டக் டக் எண்டு தட்டும். தட்டாமல் இருக்க டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி, பொறி வாற நேரத்தைப் பிந்தி வைச்சிருப்பினம். இப்ப பெற்றோலில ஓடினால் அந்த நேரத்தில எஞ்சினுக்கு இழுவை இருக்காது, சூடும் ஏறும். கறண்ட் வந்த பிறகு நேரத்தையும் பாருங்கோ.

மல்லாவி_மெக்

ஐயா சொன்ன ரெஸ்ட் லைற்றே அதுக்கும் காணும். முதலாம் சிலிண்டர் அமுக்கத்தில, புல்லியின்ர குறியைப் புத்தகத்தில சொன்ன பாகைக்குக் கொண்டுபோய் நிப்பாட்டி, சி.பி முனையில பல்பைக் குடுத்து, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப, பல்ப் எரியத் தொடங்கிற இடம்தான் பொயின்ற் திறக்கிற இடம். அதில இறுக்கவேண்டியதுதான். அதுக்கு முதல் பொயின்ற் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில 15 பங்கு). இடைவெளியை மாத்தினால் நேரமும் மாறும், ஆனபடியால் இந்த ஒழுங்கிலதான் செய்யவேணும். வெடிக்கிற ஒழுங்கு 1-3-4-2, றோட்டர் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும்.

டற்சன்_மாங்குளம்

இடையில கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. என்ர டற்சன் 1200, செல்ப் அடிக்கேக்க பிடிக்குது. கீயை விட்ட உடன நிக்குது. இதுவும் பொயின்ற்றோ?

பழைய_வயர்மன் (வவுனியா)

இல்லை. கொயிலுக்குப் பக்கத்தில வெள்ளைப் பீங்கான் கட்டை ஒண்டு இருக்கும், இரண்டு முனையோட. அது பலாஸ்ட் றெசிஸ்ரர். அது அறுந்திருக்கு, இல்லாட்டி அதுக்கு வாற வயர் கழண்டிருக்கு.

அந்தக் காருக்குப் போட்டிருக்கிறது 12 வோல்ட் கொயில் இல்லை. அதின்ர முதல் சுற்றின்ர தடை ஏறத்தாழ ஒண்டரை ஓம். நேரே 12 குடுத்தால் எட்டு அம்பியர் இழுக்கும். அதாலதான் கீ ஓடுற நிலையில இருக்கேக்க கறண்ட் பலாஸ்ட்டுக்குள்ளால போய்க் கொயிலுக்கு ஏழு எட்டு வோல்ட்தான் சேருது. செல்ப் அடிக்கேக்க பற்றரி ஒன்பது பத்துக்கு இறங்கும். அதுக்குள்ள பலாஸ்ட்டும் குறைச்சால் பொறி செத்துப்போம். ஆனபடியால் அந்த நேரத்துக்கு மட்டும் பலாஸ்ட்டுக்குள்ளால போகாமல் சுத்திக்கொண்டு தனி வயர் ஒண்டு நேரே கொயிலுக்குப் போகும். உங்கட காரில அந்தச் சுத்து வயர் சுகம், ஓடுற வழிதான் அறுந்துபோச்சு. சிலருக்கு மறுவளமா வரும்: செல்ப் அடிக்கேக்க பிடிக்காது, கீயை விடுற நேரம் ஒரு தரம் வெடிக்கும். அது சுத்து வயர் போன அடையாளம்.

ஏ9_றைடர்

பலாஸ்ட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு நேரே வயர் குடுங்கோ. நான் அப்பிடித்தான் கனகாலமா ஓடுறன், ஒண்டும் ஆகேல்லை.

மல்லாவி_மெக்

உங்கட கொயில் எது அண்ணை? மூண்டு ஓம் கொயில் எண்டால் அதுக்கு பலாஸ்ட் தேவையே இல்லை, ஓடும். ஒண்டரை ஓம் கொயிலுக்கு நேரே குடுத்தால் பொயின்ற் கெதியா எரியும், கொயில் கொதிச்சு எண்ணெய் கக்கும். மாங்குளத்தார் முதல் கொயிலின்ர இரண்டு சின்ன முனைக்கும் மீற்றரை வைச்சு அளக்கட்டும். பிறகு முடிவெடுக்கலாம்.

கிற் போடுற ஆக்களுக்கும் இது முக்கியம். அனேகமான கிற்றின்ர சிவப்பு வயருக்கு முழு 12 வேணும். அதை பலாஸ்ட்டுக்கு முன்னால, கீ பக்கத்தில எடுக்கவேணும். கொயில் முனையில எடுத்தால் மழைநாளில ஸ்ராட் வராமல் விட்டிட்டு, கிற் சரியில்லை எண்டு கடைக்காரனோட சண்டை பிடிப்பினம்.

ஏ9_றைடர்

கொயிலில ஒண்டும் எழுதியில்லை. நாளைக்கு அளந்து பாக்கிறன்.

முறிகண்டி_ட்றைவர்

நான் டீசல் லொறிக்காரன். எங்கட கீக்கும் இந்தக் கதை எல்லாம் உண்டோ?

பரந்தன்_லொறி

டீசலுக்குப் பிளக் கறண்ட் இல்லைத் தம்பி. காத்தை அமுக்கிற சூட்டில டீசல் தானா எரியுது. கீ எண்டது மீற்றர், லைற், ஹீற்றர் பிளக், செல்ப், இவைக்குத்தான். சில பம்பில ஸ்ரொப் சொலினொயிட் இருக்கும், கறண்ட் போனால் டீசலை அடைக்கும். கீ திறந்தும் லொறி பிடிக்காட்டி அதின்ர வயரைத் தொட்டுப் பாருங்கோ, டக் எண்டு சத்தம் வரவேணும். பழைய லேலண்ட் போல வாகனத்தில கயிறு இழுத்துத்தான் நிப்பாட்டுறது, கீயைக் கழட்டிக்கொண்டு வீட்டை போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் நிக்கும். பெற்றோல் பெட்போர்ட் லொறி எண்டால் மேல ஐயா எழுதின அதே சுற்று, சிலிண்டர் ஆறு எண்டதுதான் வித்தியாசம்.

24 வோல்ட் லொறியில 12 வோல்ட் பல்பைக் குடுத்து எரிச்சுப்போட்டு, பிறகு கறண்ட் இல்லை எண்டு தேடாதையுங்கோ. நடக்கிற காரியம்.

ஒட்டுசுட்டான்_பேரன்

பார்த்தன் ஐயா. சுவிச் போட பம்ப் டிக் டிக் எண்டுது. எஸ்.டபிள்யூ முனையில பல்ப் எரியுது. சி.பியிலயும் எரியுது. ஹாண்டில் சுத்தினாலும் அணையுதில்லை. பொயின்ற் மூடுறது கண்ணுக்குத் தெரியுது. முகத்தை மெல்லிய அரத்தாளால துடைச்சும் பார்த்தாச்சு.

பழைய_வயர்மன் (வவுனியா)

அப்ப பொயின்ற் மூடுது, ஆனால் எர்த் போகேல்லை. பொயின்ற் பூட்டியிருக்கிற தட்டைப் பாருங்கோ. அந்தத் தட்டு வக்கூமுக்கு (எஞ்சின் காத்தை உறிஞ்சிற இழுவைக்கு) அசையவேணும் எண்டதுக்காகத் தளர்வாத்தான் இருக்கும். அதிலயிருந்து டிஸ்ரிபியூட்டர் உடம்புக்குத் துணிச் சுற்று போட்ட சின்ன எர்த் வயர் ஒண்டு போகும். அசைஞ்சு அசைஞ்சு அது உள்ளுக்கு அறும், வெளித்துணி முழுசாத் தெரியும். ரெஸ்ட் லைற்றின்ர எர்த் கவ்வியை எஞ்சினில வைச்சுக்கொண்டு அந்தத் தட்டைத் தொட்டால், பொயின்ற் மூடியிருக்கேக்க எரிஞ்சால் அதுதான். எரியக்கூடாத இடம் அது.

மாத்தேக்க வீட்டு வயர் போடவேண்டாம், விறைச்ச கம்பி திரும்பவும் முறியும். நல்ல மெல்லிய இழை நிறைய உள்ள வயர் வேணும். பொயின்ற்றின்ர வில்லுத் தாங்கிற ஆணியில பிளாஸ்ரிக் வளையம் இருக்கும். கொண்டென்சர் வயர், கொயில் வயர், வில்லு மூண்டும் ஒண்டோட ஒண்டு தொடவேணும், ஆணியைத் தொடக்கூடாது. வளையத்தை மாறிப் போட்டால் பல்ப் எரியவே எரியாது.

ஒட்டுசுட்டான்_பேரன்

அதேதான்! தட்டைத் தொட மங்கலா எரிஞ்சுது. துணியை உரிச்சுப் பார்த்தால் உள்ளுக்கு இரண்டு இழைதான் மிச்சம். புது வயர் பிடிச்சன். பல்ப் அணைஞ்சு எரியுது. பிளக்கில கறண்ட் வருது, எஞ்சினும் பிடிச்சிட்டுது. அப்பம்மா படலை வரைக்கும் ஓடிவந்து பார்த்தவ.

ஆனால் கொஞ்சம் அழுத்தினால் விட்டு விட்டு அடிக்குது. பிளக்கும் வயரும் புதுசு.

மல்லாவி_மெக்

கொயிலுக்கு வயர் எப்பிடிக் குடுத்தனீங்கள்? புதுக் கொயிலில எஸ்.டபிள்யூ, சி.பி எண்டு இருக்காது, பிளஸ் மைனஸ் எண்டுதான் இருக்கும். பற்றரியில எந்த முனை பொடிக்குப் போகுது எண்டும் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்_பேரன்

பற்றரியின்ர பிளஸ் பொடிக்குப் போகுது. கராஜில கொயில் போட்டவர் சுவிச்சால வாற வயரைப் பிளஸ்ஸில பூட்டினவர். எல்லாக் காரிலயும் அப்பிடித்தான் எண்டவர்.

பழைய_வயர்மன் (வவுனியா)

மைனர் பிளஸ் எர்த் வாகனம். உங்கட காரில சுவிச்சால வாறது மைனஸ். அது கொயிலின்ர மைனஸ்ஸுக்குப் போகவேணும், பிளஸ் டிஸ்ரிபியூட்டருக்கு. இரண்டு வயரையும் மாத்திப் பூட்டுங்கோ.

மாறிப் பூட்டினாலும் கொயில் வேலை செய்யும், அதாலதான் ஆருக்கும் தெரியிறதில்லை. பிளக்கின்ர நடு முனை எப்பவும் மைனஸ்ஸா இருக்கவேணும். அது சூடான முனை, சூட்டிலயிருந்து எலக்ரோன் லேசாக் கிளம்பும். மாறினால் குளிர்ந்த பக்கத்திலயிருந்து கிளம்பவேணும், அதுக்குக் கூட வோல்ட் வேணும். சும்மா ஓடேக்க தெரியாது, சுமை ஏறேக்க விடும். பென்சில் ஒண்டைத் தீட்டி அதின்ர கரி முனையைப் பிளக் வயருக்கும் பிளக்குக்கும் இடையில பிடிச்சால் பொறி ஒரு பக்கம் சிவந்து விரியும். பிளக் பக்கம் விரிஞ்சால் சரி, வயர் பக்கம் விரிஞ்சால் மாறியிருக்கு. பென்சில் மரத்தைப் பிடியுங்கோ, ஈரக்கை வேண்டாம்.

ஏ9_றைடர்

மைனஸ் எர்த்துக்கே மாத்திவிடலாமே? போன் சாஜர், றேடியோ எல்லாம் போடலாம்.

மல்லாவி_மெக்

மாத்தலாம். பற்றரியைத் திருப்பி, கொயில் வயரைத் திருப்பி, அம்பியர் மீற்றர் இருந்தால் அதையும் திருப்பி, டைனமோவின்ர எப் (பீல்ட்) முனைக்குப் பற்றரிக் கறண்ட்டை ஒருக்கா முட்டிவிடவேணும், அப்பதான் அது புதுப் பக்கம் சாஜ் பண்ணும். செல்ப் மோட்டருக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான். செய்தால் போனட்டுக்குள்ள பெரிசா எழுதி ஒட்டவேணும், அடுத்ததாக் கை வைக்கிறவன் புத்தகத்தைப் பார்த்துப் பூட்டிப்போடுவான். கிற் வாங்கிறவையும் எந்த எர்த்துக்கு எண்டு கேட்டு வாங்கவேணும். மாறிக் குடுத்தால் அந்த நிமிசமே போம்.

என்ர எண்ணம், இந்தக் கார் இருக்கிறபடியே இருக்கட்டும். முதல் அந்தச் சிவப்பு வயரை மாத்தட்டும்.

டற்சன்_மாங்குளம்

பலாஸ்ட் அறுந்ததுதான். கொயில் 1.6 ஓம் காட்டுது. புதுசு போட்டன், கீயை விட்டாலும் நிக்காமல் ஓடுது. ஆனால் இப்ப புதுப் பிரச்சினை, கீயை மூடினாலும் கொஞ்ச நேரம் ஓடிப்போட்டுத்தான் நிக்குது. டைனமோ லைற்றும் மங்கலா எரியுது. முந்தி இருந்தவர் வேற அல்ரனேற்றர் (பற்றரியைச் சாஜ் பண்ணுறது) மாத்திப் போட்டவர்.

பழைய_வயர்மன் (வவுனியா)

அந்த லைற் வயருக்குள்ளால அல்ரனேற்றர் திருப்பிக் கொயிலுக்குக் கறண்ட் குடுக்குது. லைற் வயரில டயோட் ஒண்டு போடுங்கோ, அல்ரனேற்றர் பக்கம் போக விடவும், திரும்பி வர விடாமலும். லைற் வயரைக் கழட்டிப்போட்டு நிக்குதோ எண்டு பார்த்திட்டுப் போடுங்கோ.

ஒட்டுசுட்டான்_பேரன்

கொயில் வயரை மாத்தினன். பென்சிலும் பிளக் பக்கம் விரியுது. நேரமும் பார்த்தன், பரந்தன் அண்ணை சொன்னமாதிரி நல்லாப் பிந்தி இருந்தது. இப்ப முள்ளியவளை வரைக்கும் மூண்டாம் கியரில இழுத்துக்கொண்டு போகுது. கீ சுவிச்சுக்கு வவுனியாவில சொல்லி வைச்சிருக்கு. வாற மாரிக்கு முதல் பிறவுணும் வெள்ளையும் இழுக்கவேணும். கொயில் வயருக்கு எத்தினை மில்லிமீற்றர் வயர் வேணும் ஐயா?

பழைய_வயர்மன் (வவுனியா)

கொயிலுக்கு இரண்டு சதுர மில்லிமீற்றர் தாராளம். பிறவுணுக்கு அதைவிடத் தடிச்சது வேணும், டைனமோவின்ர முழுக் கறண்ட்டும் அதிலதான். வாகன வயரா வாங்குங்கோ, நிறம் கேட்டு வாங்குங்கோ. தீச்சுவரைத் துளைக்கிற இடத்தில ரப்பர் வளையம் போடாமல் இழுக்காதையுங்கோ.